மாதம் ஒரு டம்ளர்

என் வலது கைக் கட்டைவிரல் நகத்தை இப்போதெல்லாம் ஒட்ட வெட்டிவிடுகிறேன், சதை சற்று வலிக்கும் அளவுக்கு. ஏன் என்று கேட்பவர்களிடம் புத்தகத்தின் தாள்களைப் புரட்ட வசதி என்று சொல்வேன். தாள் புரட்ட நீளமான நகம்தான் வசதி என்பதை இதுவரை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

எடிசனில், இரண்டு குடும்பங்களுக்கெனக் கட்டப்பட்ட ஒரு பழைய மரவீட்டின் மேல்தளத்தில் நானும் இன்னொரு பெண்ணும் வாடகைக்கு இருக்கிறோம். நான் ரயிலேறிப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று இலக்கியம் படிக்கிறேன். அவர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். என்னைவிட ஆறு வயது மூத்தவர், சென்னைக்காரர். எங்களுக்குள் உறவு எதுவும் கிடையாது. நான் குடிவந்த முதல் நாள், எப்படி அழைப்பது என்று தெரியாமல் தயங்கியபோது, "ஆன்ட்டின்னு மட்டும் கூப்ட்டியோ, சாவியை வச்சிட்டுக் கிளம்பிடு" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. நான் அவருக்குப் பெரும்பாலும் 'புரொஃபசர்'. நான் பேராசிரியர் ஆவதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன என்பதை அவருக்கு ஒருமுறை விளக்க முயன்றேன். அந்த விளக்கத்துக்குப் பிறகு அந்தப் பெயர் உறுதிப்பட்டுவிட்டது.

கோடையில் வீட்டின் பின்படிகள் முழுவதும் அவருடைய மிளகாய்ச் செடிகள் இருக்கும். பெயின்ட் வாளிகளிலும் தயிர் டப்பாக்களிலும் பன்னிரண்டு, பதின்மூன்று செடிகள். நம் ஊரில் மிளகாய்ச் செடி பருவம் பார்க்காமல் இரண்டு மூன்று ஆண்டுகள் நின்று காய்க்கும். இங்கே ஒருமுறை உறைபனி இறங்கினால் போதும், மறுநாள் காலையில் செடி முழுவதும் வேகவைத்த கீரையைப்போல் தொங்கிக் கிடக்கும். ஆகவே அக்டோபரில் பெரும்பாலான செடிகளை அவர் விதியின் கையில் விட்டுவிடுவார். இரண்டை மட்டும் காப்பாற்றுவார். ஒன்று காந்தாரி. மற்றொன்று குண்டு மிளகாய்.

குண்டு மிளகாய்க்கு ஒரு கதை இருந்தது. ஓக் ட்ரீ ரோடு கடை ஒன்றில் வாங்கிய வற்றல் பொட்டலத்திலிருந்து சாம்பாருக்கு வறுக்கும்முன் நாற்பது விதைகளை எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைத்தாராம். ஒன்றே ஒன்று முளைத்தது. அந்த ஒன்று மூன்று குளிர்காலங்களைக் கடந்து, கட்டைவிரல் பருமனுக்குத் தண்டு தடித்து, ஒரு குட்டி மரமாகவே நின்றது. அதை அவர் 'குண்டன்' என்று அழைப்பார். "குண்டன் இன்னைக்கு எட்டு காய் விட்டிருக்கான்" என்று அலுவலகக் கூட்டத்தின் நடுவில் எனக்குச் செய்தி அனுப்புவார்.

சென்ற ஆண்டு அக்டோபரில், உறைபனி எச்சரிக்கை வந்த நாளின் மாலை, இரண்டு செடிகளையும் உள்ளே கொண்டுவரும் வேலைக்கு நான் தட்டு ஏந்தி நின்றேன். அவர் கத்தரிக்கோலை எடுத்துக் கிளைகளை வெட்டத் தொடங்கினார். இலைகள், காய்கள், பிஞ்சுகள் எல்லாம் என் தட்டில் விழுந்தன.

"அக்கா, எல்லா இலையுமா?"

"எல்லாம்."

"இதுல பூ இருக்கே."

"பூவும்தான். தூங்கப் போறவனுக்கு எதுக்குடி அலங்காரம்?"

இறுதியில் மிஞ்சியது, கவண்கொம்பைப்போல் மேலே இரண்டாகப் பிரிந்த ஒரு மொட்டைக் குச்சி. அதைத் தொட்டியிலிருந்து உருவி, பழைய மண்ணை உதறி, அசுவினிப் பூச்சியின் முட்டைகள் போவதற்காக வெதுவெதுப்பான நீரில் வேரைக் கழுவினார். கழுவிய வேரைப் பின்படி விளக்கின் கீழே தூக்கிக் காட்டினார்.

"பாத்தியா, வெள்ளை. வேர் வெள்ளையா இருக்கிற வரைக்கும் மேல என்ன ஆனாலும் கவலையில்ல. பிரவுனாகி வழவழன்னு வந்துச்சுன்னாதான் ஆள் காலி."

இதை நான் கேட்டேன். அரைகுறையாக அல்ல, குறிப்பெடுக்கும் பழக்கம் உள்ளவள் கேட்பதைப்போலக் கேட்டேன். அதை இங்கே பதிவு செய்வது முக்கியம்.

பறித்த காய்களைத் தயிரிலும் உப்பிலும் ஊறப்போட்டார். நியூ ஜெர்சி அக்டோபரில் வெயிலுக்கு எங்கே போவது? அடுப்பின் கீழுள்ள ஓவனை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, கதவைச் சற்றே திறந்துவிட்டு, இரண்டு நாட்கள் உலர்த்தினார். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் குஜராத்தி ஆன்ட்டி இருமிக்கொண்டே மாடியேறி வந்து யாருக்காவது உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். அக்கா அவருக்கு ஒரு கிண்ணம் மோர் மிளகாய் கொடுத்து அனுப்பினார். மறுநாள் கிண்ணம் காலியாகத் திரும்பி வந்தது. இருமலைப் பற்றிய பேச்சு வரவில்லை.

மொட்டைக் குச்சிகள் இரண்டும் புதிய மண்ணில் ஊன்றப்பட்டு பேஸ்மென்டுக்குப் போயின. துணி துவைக்கும் இயந்திரத்துக்கு எதிரே, தரைமட்டத்தை ஒட்டிய சிறிய சன்னலின் கீழே ஒரு பலகை. குளிரும் அதிகமில்லை, வெப்பமும் அதிகமில்லை. ஓர் உயிர் சாகாமலும் வளராமலும் இருப்பதற்கு ஏற்ற இடம்.

நவம்பர் நடுவில் அக்கா சென்னைக்குப் புறப்பட்டார். சித்தி மகளின் திருமணம். அதோடு சேர்த்துக் கடவுச்சீட்டில் விசா முத்திரையும் வாங்கிவிடலாம் என்று திட்டம். மூன்று வாரம். கிளம்பும் காலையில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மஞ்சள் தாள் ஒன்றை ஒட்டினார்.

"செடி: மாசம் ஒரு டம்ளர். அதுக்கு மேல அன்பு காட்டாதே."

திருமணம் நல்லபடியாக நடந்தது. முத்திரை கிடைக்கவில்லை. இன்னும் சில விவரங்களைச் சரிபார்க்க வேண்டும், காத்திருங்கள் என்று அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். எவ்வளவு காலம் என்பது அந்தத் தாளில் இல்லை. மூன்று வாரம் ஆறாகி, ஆறு பன்னிரண்டாயிற்று.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் பேசுவோம். அங்கே இரவு எட்டரை. அவருடைய அறைச் சுவரும், சில சமயம் பின்னால் நடந்து போகும் அவருடைய அம்மாவும் திரையில் தெரிவார்கள். வீட்டு வாடகை, தபால், வெளியே கொட்டும் பனி எல்லாம் பேசி முடித்தபின் அவர் கேட்பார்:

"சரி, குண்டன் என்ன பண்றான்?"

டிசம்பர் முதல் சனிக்கிழமை, "அப்படியேதான் இருக்கு அக்கா" என்றேன்.

"அப்படியேன்னா? உசுரோடயா?"

குச்சி குச்சியாக இருந்தது. அதற்குள் உயிர் இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்வது எனக்குப் பழக்கமில்லை. வகுப்பிலும் அதனால்தான் அதிகம் பேசுவதில்லை.

"முழிக்காத. நகத்தால லேசா கீறிப் பாரு. உள்ள பச்சையா இருந்தா உசுரு இருக்குன்னு அர்த்தம். ஒருவாட்டி பாத்துட்டு விட்டுடு."

கைபேசியைப் பிடித்தபடியே பேஸ்மென்டுக்கு இறங்கிப் போய்க் கீறினேன். பூண்டின் தோலைப்போன்ற மெல்லிய பழுப்புப் பட்டை உரிந்தது. அதன் கீழே ஈரமாக, உரித்த பச்சைப் பட்டாணியின் நிறத்தில் ஓர் அரிசி அளவுப் பச்சை. என் மூச்சு ஒரு கணம் நின்றது என்று எழுதினால் மிகை என்பார்கள். ஆனால் வெளியே இரண்டடிப் பனி, அந்தச் சன்னலில் பாதி வரை வெள்ளை. அந்தப் பாதாள அறையில், இறந்ததைப்போல் நின்ற குச்சிக்குள் அந்த நிறம்.

"பச்சை அக்கா!"

"அப்படிப் போடு!" என்று அவர் சென்னையிலிருந்து கத்தினார்.

அடுத்த சனிக்கிழமையும் அவர் கேட்டார். சென்ற வாரம் பச்சையாக இருந்தது என்பது இந்த வாரமும் பச்சை என்பதற்குச் சான்றாகுமா? ஆகாது. எனவே அழைப்புக்கு முன்பே கீழே இறங்கிப் போய், தொட்டியைச் சற்றே திருப்பி, வெளிச்சம் விழும் பக்கத்தில் புதிதாக ஒரு கீறல் போட்டேன். பச்சை. மேலே வந்து, நிம்மதியுடன், உண்மையைச் சொன்னேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. சில வாரங்களில் புதன்கிழமையே சந்தேகம் வந்துவிடும். அப்போது நடுவில் இன்னொன்று. காந்தாரியை நான் கீறவில்லை. அது அடியிலிருந்தே ஏழெட்டு மெல்லிய தண்டுகளாகப் பிரிந்திருந்தது, நகம் வைக்க வாகான இடம் அதில் இல்லை. குண்டனின் தண்டுதான் நேராக, தடியாக, கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது.

நீர் ஊற்றுவதில் நான் தவறவில்லை. மாதம் ஒரு டம்ளர். அதற்கு மேல் அன்பு காட்டவில்லை. அன்பைத்தான் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தார். சந்தேகத்தைப் பற்றி அந்த மஞ்சள் தாளில் எதுவும் இல்லை.

சனவரியில் அக்காவின் பேச்சில் ஒரு மாற்றம் வந்தது. முன்பெல்லாம் விசாவைப் பற்றிப் பேசிவிட்டுச் செடியைப் பற்றிக் கேட்பார். இப்போது இரண்டையும் சேர்த்தே பேசினார். "குண்டன் துளிர்க்கட்டும், அன்னைக்கே எனக்குப் பாஸ்போர்ட் வந்துடும் பாரு." விளையாட்டாகத்தான் சொன்னார். கோவிலில் பூப்போட்டுப் பார்ப்பவர்களைக் கேலி செய்கிறவர் அவர். ஆனால் ஒவ்வொரு வாரமும் அந்த விளையாட்டைத் தவறாமல் சொன்னார்.

ஒருமுறை அவருடைய அம்மா கைபேசியை வாங்கிக்கொண்டு பேசினார். "ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. நீயாவது இவகிட்ட எடுத்துச் சொல்லக் கூடாதா? இங்க என்ன குறைச்சல்? வீடு இருக்கு, நான் இருக்கேன். அங்க போயி ஒரு குச்சிக்குக் காவல் இருக்கணுமா?"

"அம்மா, அவளை இழுக்காத" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல்.

"நான் என்னடி இழுத்தேன்? அந்தக் குச்சி காஞ்சு போச்சுன்னா நீ இங்கயே இருந்துடுவ. நான் அதுக்குத்தான் வேண்டிக்கிட்டிருக்கேன்." மூவரும் சிரித்தோம்.

பிப்ரவரியின் இரண்டாம் சனிக்கிழமை, வழக்கமான உயரத்தில் கீறுவதற்கு இடம் கிடைக்கவில்லை. அப்போதுதான் தொட்டியை முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். வாரம் ஓர் அரிசி அளவாக நான் போட்ட கீறல்கள் ஒன்றையொன்று தொட்டு, தண்டைச் சுற்றி ஒரு வளையமாக மூடியிருந்தன. காய்ந்து, விளிம்பு சுருண்டு, எலி கடித்ததைப்போன்ற ஒரு வளையம். வளையத்துக்கு மேலே நகம் வைத்தேன். பழுப்பு. இன்னும் மேலே, கிளை பிரியும் இடத்தில். பழுப்பு. பட்டையின் கீழே காய்ந்த மரம் மட்டுமே இருந்தது.

பட்டையைச் சுற்றிலும் நீக்கிவிட்டால் செடியின் மேற்பகுதி பட்டுப்போகும் என்பதை அன்று படித்துத் தெரிந்துகொண்டேன். காட்டில் மரத்தை வெட்டாமல் கொல்வதற்கு அப்படித்தான் செய்வார்களாம். வளையத்துக்குக் கீழே கீறிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எழுபது நாட்கள் விடாமல் சந்தேகித்தவள், சந்தேகித்திருக்க வேண்டிய ஒரே நாளில் சந்தேகிக்கவில்லை.

பத்து மணிக்கு அழைப்பு வந்தது.

"குண்டன்?"

"அப்படியேதான் இருக்கு அக்கா."

பொய் இல்லை. சென்ற வாரம் இருந்ததைப்போலவேதான் நின்றுகொண்டிருந்தது. அடுத்த இரண்டு வாரங்களும் இவ்வாறான, சட்டத்தின் முன் நிற்கக்கூடிய வாக்கியங்களாலேயே ஒப்பேற்றினேன். "இலை எதுவும் வரலை." "தண்ணி ஊத்திட்டேன்." "காந்தாரியில சின்னதா ஏதோ முட்டுது." ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே உண்மை. அவற்றை அடுக்கிய விதத்தில்தான் பொய் இருந்தது, அடுக்கியவள் நான்.

மார்ச்சில் அவருடைய நிறுவனம் ஒரு முடிவைக் கேட்டது. சென்னைக் கிளையில் ஏப்ரல் முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்ந்துகொள்ளலாம். இல்லையென்றால் விசா வரும்வரை வேலையில்லாமல் காத்திருக்க வேண்டும், இடம் காலியாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். அந்தச் சனிக்கிழமை அவர் முகம் கழுவாமல், தலை வாராமல் திரையில் வந்து உட்கார்ந்தார்.

"சொல்லு புரொஃபசர். குண்டன் என்ன சொல்றான்?"

"அக்கா, அதை வச்சா முடிவு பண்ணுவீங்க?"

"வேற எதை வச்சுப் பண்றது? எனக்குத் தெரிஞ்ச காரணம் எல்லாத்தையும் எழுதிப் பாத்துட்டேன். ரெண்டு பக்கமும் சமமா நிக்குது. ஒரு இலை போதும்டி, ஒரு பக்கமா சாஞ்சிடும்." சற்று நிறுத்தி, "துளிர்க்கலைன்னா துளிர்க்கலைன்னு சொல்லு. நான் ஒண்ணும் அழ மாட்டேன்" என்றார்.

இதுவரை இங்கே எழுதிய எல்லாவற்றையும் அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாம். வாயில் வாக்கியம் தயாராகவே இருந்தது. ஆனால் நான் கைபேசியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். காந்தாரியின் ஒரு கணுவில் கடுகளவில் இரண்டு துளிர்கள் வந்திருந்தன. கேமராவை அதற்கு மிக அருகே கொண்டுபோனேன், தொட்டியும் பிற தண்டுகளும் தெரியாத அளவுக்கு அருகே.

"குண்டன்" என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து, "அடி என் தங்கமே" என்று கேட்டது. என்னைச் சொன்னாரா, செடியைச் சொன்னாரா தெரியவில்லை. அழ மாட்டேன் என்றவர் அழுதார். அவருக்குப் பின்னால் அவருடைய அம்மா ஒரு துண்டை மடித்தபடி நின்று, மடித்து முடித்துவிட்டு நகர்ந்து போனார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். செடியைக் கொன்றது தெரிந்துவிடும் என்ற பயம் ஒரு காரணம். அவருடைய முகத்தைப் பார்த்து இரக்கம் வந்தது இன்னொன்று. இதை முதலில் சொல்ல எனக்கு ஆசை, ஆனால் இது முதலாவது இல்லை. மூன்றாவதைச் சொல்ல நாக்குக் கூசுகிறது. அவர் அங்கேயே தங்கிவிட்டால் இந்த வீட்டுக்கு வேறு யாரோ வருவார்கள். என்னை யாரும் புரொஃபசர் என்று கூப்பிட மாட்டார்கள். அவர் திரும்பி வர வேண்டும் என்று நான் விரும்பினேன். அவருடைய அம்மா எதற்காக வேண்டிக்கொண்டாரோ, அதற்கு நேர் எதிரானதை நான் வேண்டினேன். என் கையில் கேமரா இருந்தது.

அதன்பின் பேஸ்மென்டுக்குப் போவது கடினமாகிவிட்டது. துணி துவைக்கப் போனால் பலகையின் பக்கம் திரும்பாமல் நிற்பேன். செவ்வாய்க்கிழமை காலை குப்பை வண்டி வரும் நாள். திங்கட்கிழமை மாலை நான் குண்டனின் தொட்டியைப் பின்படிக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துத் தட்டினேன். மண் உருண்டையாக வெளியே வந்து உடைந்தது. வேர் வெள்ளையாக இருந்தது.

பார்த்தேன். மேலே எரிந்த விளக்கு அக்டோபரில் எரிந்த அதே விளக்கு. அந்த வெள்ளைக்கு என்ன பொருள் என்று அவர் அதன் கீழே நின்றுதான் சொல்லியிருந்தார். எனக்கு அது நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் இந்தப் பக்கத்தில் இன்னொரு பொய் சேரும். நினைவுக்கு வந்தது. ஆனால் இந்தச் செடி பிழைப்பதாக இருந்தால் அந்த வளையத்தோடுதான் பிழைக்கும். அவர் வந்து பார்ப்பார். துளிர்த்ததாக நான் காட்டிய இடத்தில் காய்ந்த குச்சி இருக்கும். கறுப்புப் பையில் போட்டு, இரண்டு முடிச்சுப் போட்டு, தெருவோரத் தொட்டியில் வைத்தேன். காலித் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். மறுநாள் வகுப்புக்குப் போகும் வழியில், குப்பைத் தொட்டி காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு ரயிலேறினேன்.

சென்னைக் கிளையை மறுத்துவிட்டுக் காத்திருந்த அக்காவின் கடவுச்சீட்டு ஏப்ரல் இறுதியில் வந்தது. வேலையும் காலியாகவே காத்திருந்தது. மே முதல் வாரம் அவர் வந்து இறங்கினார். நூவர்க் விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். நான் ஃப்ரீவேயின் ஓரத்தில் இலைவிட்டிருந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வழியில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் புறப்பட்டிருந்தேன். ஓட்டுநர் இருக்கிறார் என்பதை ஒரு காரணமாக வைத்துக்கொண்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"அம்மா குடுத்தது. உனக்குன்னு தனியா கட்டினாங்க."

உள்ளே ஒரு சுங்குடிப் புடவை, நீல நிறம். ஒரு டப்பா நிறைய மோர் மிளகாய், மொட்டைமாடியில் நிஜமான வெயிலில் காய்ந்தது.

"என்ன சொன்னாங்க தெரியுமா? அந்தப் பொண்ணுக்கு நல்ல கைராசின்னு. கடல் தாண்டி, பனியில, ஒரு குச்சியைப் பொழைக்க வச்சிருக்கா, அவ கைக்கு எது குடுத்தாலும் தகும்னு. நான் போறேன்னு ஒரு பக்கம் அழுகை. இன்னொரு பக்கம் உனக்குப் புடவை தேடுறாங்க." சிரித்துக்கொண்டே பேஸ்மென்டுக்கு இறங்கினார்.

புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். காந்தாரி இலை நிறைந்து சன்னல் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில், பலகையில், ஒரு தொட்டி பல மாதங்கள் இருந்ததற்கான வட்டக் கறை மட்டும்.

"குண்டனை வெளிய வச்சிட்டியா? ராத்திரி இன்னும் குளிருமேடி."

நான் சொன்னேன். டிசம்பரிலிருந்து தொடங்கி, வரிசையாக, எதையும் விடாமல். கீறல்கள், வளையம், 'அப்படியேதான்', கேமரா, கறுப்புப் பை. என் குரல் கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பதைப்போல் இருந்தது. அதை நானே கேட்டேன், ஆனால் மாற்றத் தெரியவில்லை. அவர் துவைக்கும் இயந்திரத்தின்மேல் கையூன்றி, குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தூக்கிப் போடும்போது வேர் என்ன கலர்ல இருந்துச்சு?"

பழுப்பு என்று சொல்லியிருக்கலாம். அதைச் சரிபார்க்க உலகத்தில் எந்த வழியும் இல்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அந்தச் செடி பிப்ரவரியிலேயே இறந்துவிட்டதாக இருவரும் நம்பிக்கொள்ளலாம்.

"வெள்ளையா" என்றேன்.

"ம்." அந்த வட்டக் கறையை விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். "அடியிலேர்ந்து வந்திருக்கும்டி. வளையத்துக்குக் கீழ நல்லாத்தான் இருந்திருப்பான்."

பிறகு, படியேறும்போது, திரும்பாமலே சொன்னார்: "அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்."

என்னைத் திட்டவில்லை. திட்டினால் திருப்பிச் சொல்ல நான் சில வாக்கியங்களைத் தயாரித்து வைத்திருந்தேன், அவை வீணாயின. இரண்டு நாட்கள் புரொஃபசர் என்று கூப்பிடவில்லை, மூன்றாம் நாள் கூப்பிட்டார். அந்தக் கோடையில் பின்படிகளில் பதினோரு செடிகள் வைத்தார். குண்டு மிளகாய் விதைக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. சனிக்கிழமைகளில் இப்போது அவருடைய அம்மா அழைக்கிறார், திரையில் என்னைக் கண்டால், "புடவை கட்டினியாம்மா?" என்கிறார். "பரீட்சை முடியட்டும் ஆன்ட்டி" என்கிறேன். அது இன்னும் உறையில் இருக்கிறது.

இந்தத் தீபாவளிக்கு அக்காவின் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேச்சு தோட்டத்துக்கு வந்தது. அக்கா கதையைத் தொடங்கினார்.

"இவளை நம்பிச் செடியை விட்டுட்டுப் போனேன். இவ என்ன பண்ணா தெரியுமா? வாராவாரம் பயாப்ஸி எடுத்திருக்கா! உசுரு இருக்கா, உசுரு இருக்கான்னு கேட்டுக் கேட்டே உசுரை எடுத்துட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். "பிஎச்டி பண்றவங்ககிட்ட எதைக் குடுத்தாலும் இதே கதிதான்" என்று யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன். வாசலருகே உட்கார்ந்திருந்த ஓர் அங்கிள், வீட்டின் பின்னால் பத்துப் பாத்தி வைத்திருப்பவர், சிரிக்காமல் நெற்றியைச் சுருக்கினார்.

"பட்டை போனா மேலதானேம்மா காயும்? வேர் இருந்தா அடியிலேர்ந்து வந்திருக்கணுமே."

நான் முறுக்குத் தட்டை ஏந்தியபடி நடுக்கூடத்தில் நின்றேன்.

"எங்க அங்கிள், வேரே அழுகிப் போச்சு" என்றார் அக்கா, சற்றும் தயங்காமல். "நான்தான் ஊருக்குப் போற அவசரத்துல தண்ணியை அதிகமா ஊத்திட்டுப் போயிட்டேன். பாவம், இவ என்ன பண்ணுவா." பிறகு என்னைப் பார்க்காமலே, "அந்தத் தட்டை இங்க கொண்டாடி, எவ்ளோ நேரம் அங்கயே நிப்ப?" என்றார்.

அந்த அங்கிள், "ஆமாம்மா, தண்ணிதான் எல்லாத்தையும் கெடுக்கும்" என்று தலையாட்டி ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டார். அக்கா எனக்காகப் பொய் சொல்லி நான் கேட்டது அதுவே முதல்முறை. என்னுடையதைவிட மிகச் சுத்தமாகச் சொன்னார்.

இதை எழுதும்போது டிசம்பர். காந்தாரி மட்டும் மொட்டையடிக்கப்பட்டுப் பலகையில் நிற்கிறது. இம்முறை அக்கா வீட்டில்தான் இருக்கிறார், அவரே ஊற்றலாம். ஆனால் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அந்தப் பழைய மஞ்சள் தாளை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சென்ற வாரம் நான் டம்ளரில் நீர் பிடித்துக்கொண்டு கீழே போனேன். மெதுவாக, தண்டில் படாமல், ஓரமாக ஊற்றினேன். குச்சிகள் ஏழும் சாம்பல் நிறத்தில் நின்றன. எந்தச் செய்தியும் இல்லை.

மேலிருந்து தாளிக்கும் ஓசையும் அதன்மேல் அவருடைய குரலும் வந்தன.

"என்ன, உசுரோட இருக்கா?"

"தெரியலை அக்கா."

"பாக்கலையா?"

"தண்ணி ஊத்திட்டேன்."

கரண்டி வாணலியில் இரண்டு முறை தட்டப்பட்டது. காலி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல்களை உள்ளே மடக்கி வைத்து, நான் படியேறினேன்.